பிரித்தவனுக்குக் கடைசிப் பங்கு

அத்தியாயம் பதினான்கு

தோற்றவளைப் போல உடுத்திக்கொள்வது லேசான வேலை இல்லை என்பது பெரியவளுக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. இருக்கும் நல்ல உடைகளை எல்லாம் கட்டிலில் பரப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் தோளில் சாயம் போன ஒன்றை எடுத்தாள். காதில் இருந்ததைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். புதிய கைப்பை பக்கத்திலேயே இருக்க, ஜிப் அறுந்த பழைய பையை எடுத்து, வாயை ஊக்கு குத்தி மூடினாள்.

"கொஞ்சம் இருமிக் காட்டு," என்றார் கணவர், கதவில் சாய்ந்தபடி. "அதுவும் சேர்ந்துச்சுன்னா உன் தம்பி அழுதே போயிடுவான்."

"அழுவான். சாயங்காலம்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போவது, கீழே வருவது, நடுவில் நின்றுபோவது, இந்த மூன்றைத் தவிர உலகத்தில் வேறு கணக்கு இல்லை என்று நம்புகிறவர். இந்த வாரம் முழுவதும் நடுவில் நின்றுபோன முகத்தோடுதான் அலைந்தார். காரணம் இல்லாமல் இல்லை. அவர்கள் குடியிருக்கும் வீடு போன வாரம் அடமானத்துக்குப் போயிருந்தது. அந்தப் பணம் முழுவதும் ஒரே ஒரு காகிதமாக, ஒரு வங்கி டிராஃப்டாக, ஊக்கு குத்திய பைக்குள் இருந்தது.

"இது போச்சுன்னா," என்றார் அவர்.

"போகாது."

"போச்சுன்னான்னு கேட்டேன்."

"உங்க லிஃப்டுக்குள்ள குடியிருப்போம். ஃபேன் இருக்குல்ல?"

அவர் சிரிக்கவில்லை.

*

அப்பா விட்டுப்போனது ஒரு மூடிப் பட்டறை. பாட்டில் மூடி, டப்பா மூடி, மருந்துக்குப்பி மூடி. மகளுக்குப் பாதி, மகனுக்குப் பாதி. பெரியவள் கீழே இயந்திரங்களோடு நின்றாள். சின்னவன் மாடியில் கண்ணாடி அறையில் கணக்கோடு உட்கார்ந்தான். யாருக்கும் குறை இல்லாமல்தான் ஓடியது, ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வரை.

அன்று சொந்தக்காரர்களை எல்லாம் வரவழைத்துச் சின்னவன் ஒரு தாளை மேசையில் விரித்தான். லாப நஷ்டக் கணக்கு. அக்கா பிடித்து வந்த பெரிய ஆர்டரின் வரியில் விரலை வைத்தான். அங்கே ஒரு பெரிய எண் அடைப்புக்குறிக்குள் இருந்தது. அடைப்புக்குறிக்குள் போட்டால் நஷ்டம் என்பது பெரியவளுக்குத் தெரியாது. முக்கியமான எண் என்பதால் வேலி கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"நல்லா வந்திருக்கே!" என்றாள், வாயெல்லாம் பல்லாக.

அறை குலுங்கச் சிரித்தார்கள். சின்னவன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னான்: "அக்காவுக்கு மூடி தெரியும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது."

அந்த வெட்கத்திலேயே, நிர்வாகம் முழுவதையும் தம்பியிடம் ஒப்படைக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் வந்து பார்த்தபோது அவளுடைய இரும்பு நாற்காலி கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தது.

பணம் போனால் சம்பாதித்துவிடலாம். அந்தச் சிரிப்பு போகவில்லை. காலி டப்பாக்கள் விற்கும் சின்னக் கடை ஒன்றைத் திறந்து, வணிகர் சங்கம் நடத்திய கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அங்கே பாடம் நடத்திய அம்மாள் முதல் நாளே கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதினார். லாபம் எங்கே? பணம் எங்கே? இரண்டும் ஏன் ஒரே இடத்தில் இல்லை? மற்றவர்கள் அதைத் தங்கள் கடைக்காகக் கேட்டார்கள். பெரியவள் தம்பிக்காகக் கேட்டாள்.

போன வாரம் அவன் ஒரு கடிதம் அனுப்பியிருந்தான். பட்டறை நொடிந்துவிட்டது, இந்த வருடத்து அறிக்கை இத்துடன் இருக்கிறது, உன் பாதிக்குப் பதினெட்டு லட்சம் தருகிறேன், வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடு. அறிக்கையின் எண்களைப் பெரியவள் பென்சிலால் மறுபடி கூட்டிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து அப்பா எழுதி வைத்த கூட்டு ஒப்பந்தத்தை எடுத்து ஒரு பத்தியை விரலால் தொட்டாள். பங்குதாரர் ஒருவர் விலை சொன்னால், அதே விலைக்கு விற்பதா வாங்குவதா என்பதை மற்றவரே முடிவு செய்வார்.

சின்னவனுக்கும் அந்தப் பத்தி தெரியும். அக்கா கையில் காசு கிடையாது என்பதும் தெரியும். அதனால்தான் துணிந்தான். அந்த இரண்டாவது விஷயம் அவன் காதுக்குச் சரியாகப் போய்ச் சேரும்படி பெரியவள் சில மாதங்களாகவே ஊரெல்லாம் புலம்பி வைத்திருந்தாள்.

வண்டியில் ஏறும்போது கணவர் அந்த அறிக்கைக் கட்டைப் புரட்டினார். "முன்னாடி நாலு பக்கம் எண்ணு. பின்னாடி ஏழெட்டுப் பக்கம் எறும்பு ஊர்ற மாதிரி எழுத்தா இருக்கே. படிச்சியா?"

"அது ஆடிட்டர்ங்க ஒப்புக்கு எழுதுறது. எழுத்து பொய் சொல்லும், எண் சொல்லாது. அன்னிக்கு என்னை ஏமாத்துனது எண்ணு இல்ல. அவன் பேச்சு."

அவர் கட்டை மடித்து அவள் மடியில் வைத்தார்.

*

உருகிய பிளாஸ்டிக் வாசனை கேட்டிலேயே வந்து முகத்தில் அடித்தது. கொட்டகைக்குள் இயந்திரங்களில் மாட்டிய உருக்கு அச்சுகள் வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, தட்டுத் தட்டாக மூடிகளைத் துப்பிக்கொண்டிருந்தன. தரம் பிரிக்கும் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேஸ்திரி மட்டும் எண்ணெய்க் கையை நெஞ்சில் வைத்தார். அப்பா காலத்து மனிதர்.

கிடங்கைத் தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்தாள். மூடி வார்க்க உருக்கும் பிளாஸ்டிக் மணி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒன்றில்கூட முத்திரை பிரிக்கவில்லை.

மாடியில் சின்னவன் சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவனுக்கு இடப்பக்கம் ஆடிட்டர், கன்னத்தில் தொண்டை மிட்டாயை ஒதுக்கியபடி. ஓர ஸ்டூலில் சின்னவன் மனைவி டீக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கென்று உயரம் குறைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டிருந்தது. உட்கார்ந்தால் மேசை மோவாயைத் தொடும்.

"வா அக்கா. இளைச்சுட்ட போல."

"வயசாகுதுல்ல."

"மாமா வரலையா?"

"கீழ வண்டியில இருக்கார். படி ஏற முடியலையாம்."

"லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படி ஏற முடியலையா!" சின்னவன் ஆடிட்டரைப் பார்த்துச் சிரித்தான். ஆடிட்டர் மிட்டாயை மறுகன்னத்துக்கு மாற்றினார்.

"செக் எழுதிடட்டுமா?"

"எழுது. அதுக்கு முன்னாடி ஒண்ணு. அப்பா கட்டுன பட்டறை எப்படி இவ்வளவு சுருங்குச்சுன்னு ஒரு தடவை சொல்லிடு. எனக்குத்தான் எதுவும் புரியாதே. காதால கேட்டுட்டாவது போறேன், மனசு ஆறும்."

புரியாதவர்களுக்கு விளக்குவது என்றால் சின்னவனுக்குத் தனிச் சந்தோஷம். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"கேளு."

"அறிக்கையில இது என்ன, அச்சுங்களுக்கு நேரா எல்லாம் ஒண்ணு, ஒண்ணுன்னு போட்டிருக்கு? ஒரு லட்சமா?"

"லட்சமா! வெறும் ஒத்த ரூபா. ஒரு மிட்டாய் விலை." ஆடிட்டரின் கன்னத்தைக் காட்டினான். "தேய்மானம். வருஷா வருஷம் கழிச்சுக் கழிச்சு முடிஞ்சுபோச்சு."

"அப்ப செத்துருச்சா?"

"செத்துருச்சு."

கீழே ஏழாம் அச்சு திறந்து மூடும் சத்தம் தரை வழியாக அவள் பாதத்துக்கு வந்தது. அந்த அச்சு செதுக்கி வந்த நாளில் அப்பா அதைக் குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தார். அந்த உருக்கில் மாற்று அச்சு செய்ய இன்று லட்சக்கணக்கில் ஆகும். தேய்மானம் என்பது தாளில் நடக்கும் தேய்வு, பொருளில் நடப்பது இல்லை என்று வகுப்பில் அந்த அம்மாள் சொன்னபோது பெரியவள் கேட்ட ஒரே சந்தேகம், தாளில் செத்தது தரையில் எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்பதுதான்.

"பாவம்," என்றாள். "இந்த மணி மூட்டைங்க? கழிவு விலையில போட்டிருக்கியே."

"ஈரம் ஏறிடுச்சு. குப்பைக்குத்தான் போகும்."

"அடப்பாவமே. விற்பனையும் இறங்கியிருக்கு. மூடி அதே அளவு போகுது, பணம் மட்டும் பாதிதான் வருது?"

"பெரிய வாடிக்கைக்கு விலை குறைச்சுத்தான் கொடுக்கணும். அதான் வியாபாரம்."

"யாரு அந்தப் பெரிய வாடிக்கை?"

"என் பாட்டில் கம்பெனிதான்," என்றான் கூசாமல். "வெளியில போற லாபம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டுமே."

எந்த வீட்டுக்குள் என்று அவள் கேட்கவில்லை. பாதி லாபம் தன்னுடையதாக இருக்கும் பட்டறையில் விலையைக் குறைத்து, முழு லாபமும் தன்னுடையதாக இருக்கும் கம்பெனியில் அதை அறுவடை செய்கிறான். ஒரு பாத்திரத்தில் ஓட்டை போட்டு இன்னொன்றை அடியில் வைத்தது போல.

"கடைசியா ஒண்ணு. ஆலோசனைக் கட்டணம்னு வருஷா வருஷம் ஒரு தொகை போகுது. உன் பொண்டாட்டி பேர்ல."

டீ ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"என் பேர்லயா?" என்றாள் சின்னவன் மனைவி.

"அது வரிக்காகச் சும்மா போட்டது. அப்புறம் சொல்றேன்."

"எவ்வளவு?"

"அப்புறம் சொல்றேன்னு சொன்னேன்ல!"

அவள் மறுபடி ஊற்றினாள். டீ கோப்பை நிரம்பித் தட்டுக்கு வழிந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பெரியவள் பார்த்தாள். ஆனால் இன்று அவள் கண் வேறு ஒன்றின் மேல் இருந்தது.

"ஆடிட்டர் சார், இந்த எண்ணெல்லாம் சரின்னு தம்பி கையெழுத்துப் போட்டுட்டானா?"

"அறிக்கையில போட்டாச்சு. இந்த உறுதிமொழிக் கடிதத்துலதான் பாக்கி. கொடுத்த விவரம் எல்லாம் உண்மைன்னு." ஒரு தாளை நகர்த்தினார்.

சின்னவன் படிக்காமலேயே வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டான். மை காயும்வரை பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, ஆப்பிள் ஞாபகம் இருக்கா?"

"எந்த ஆப்பிள்?"

"அப்பா ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வருவார். ஒருத்தர் வெட்டணும், மத்தவங்க முதல்ல எடுக்கணும். பிரிச்சவனுக்குக் கடைசிப் பங்கு. நீ ஸ்கேல் வச்சு அளந்து அளந்து வெட்டுவ. ஒரு நூல் கூடினா அது எனக்குப் போயிடுமேன்னு உனக்குக் கை நடுங்கும்."

"அதுக்கு இப்ப என்ன?"

"இந்தத் தடவை நீ ஸ்கேல் வைக்க மறந்துட்ட."

ஊக்கு உடனே கழலவில்லை. விரல் வியர்த்து வழுக்கியது. ஆறு வருடம் காத்திருந்தவளுக்கு அந்த ஓர் ஊக்கைக் கழற்றும் நேரம்தான் நீளமாக இருந்தது. டிராஃப்டையும் முன்பே எழுதி வைத்திருந்த ரசீதையும் எடுத்து, மடிப்பை நீவி, அவன் கையெழுத்தின் மேலேயே வைத்தாள்.

அவன் தொகையைப் படித்தான். தன் பெயரைப் படித்தான். மறுபடி தொகையைப் படித்தான்.

முதலில் புரிந்துகொண்டவள் அவன் மனைவிதான். "ஏங்க," என்றாள் மெதுவாக. "அவங்க விக்க வரல."

"பதினெட்டு லட்சம்," என்றாள் பெரியவள். "நீ சொன்ன விலை. என் பாதிக்கு அதுதான் விலைன்னா உன் பாதிக்கும் அதுதானே? செத்த அச்சு, ஈர மணி, ஓடாத வியாபாரம், எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன். உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

சின்னவன் முகத்தில் ரத்தம் ஏறியது. "விளையாடுறியா? அந்த அச்சுங்க மட்டும் எவ்வளவு போகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஒண்ணு. மிட்டாய் விலை."

"அது கணக்குல! உண்மையில..."

"உண்மையில?" பெரியவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்திருந்தவரை மோவாய்க்கு இருந்த மேசை இப்போது அவள் இடுப்புக்கு இருந்தது. "சொல்லு. இந்தக் கணக்கு பொய்னு ஆடிட்டர் முன்னாடி சொல்லு. நான் டிராஃப்டை எடுத்துக்கிட்டுப் போயிடறேன். இதே தாளைத்தானே வரி ஆபீசுக்கும் கொடுத்திருக்க? அங்க போய் நீயே விளக்கம் சொல்லிக்கோ. இல்ல, கணக்கு நிஜம்தான்னா, ரசீதுல கையெழுத்துப் போடு. பொய்யா, நிஜமா? ரெண்டுல ஒண்ணை நீயே எடு. இந்தத் தடவை உனக்கே முதல் பங்கு."

கீழே இயந்திரங்கள் திறந்து மூடின.

"சார், நீங்க சொல்லுங்க," என்று சின்னவன் ஆடிட்டரிடம் திரும்பினான்.

"ஒப்பந்தம் தெளிவா இருக்கு. விலை சொன்னது நீங்க." ஆடிட்டர் மிட்டாயைக் கடித்து நொறுக்கினார். அறையில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

அவன் கையெழுத்துப் போட்டான். இந்தத் தடவை வளைவு இல்லை, சுழி இல்லை. பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மேசைமேல் இருந்த தன் பொருட்களை ஒரு பைக்குள் வாரிப் போட்டான். கதவுவரை சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனபோது பெரியவள் குரல் கொடுத்தாள்.

"அதை வச்சுட்டுப் போ."

"இது நான் வாங்குனது!"

"பட்டறைக் காசுல வாங்குனது. அறிக்கையில மரச்சாமான் வரியில இருக்கு. பார்க்கணுமா?"

அவன் கையை எடுத்தான். நாற்காலி தானாகவே அரைச்சுற்றுச் சுற்றி அவனுக்கு முதுகைக் காட்டி நின்றது. அதற்குமுன் எத்தனையோ இரவுகள் கற்பனையில் அவனை அந்தப் படியில் இறக்கிப் பார்த்திருக்கிறாள். கற்பனையில் அவன் திரும்பிப் பார்ப்பான். நிஜத்தில் திரும்பிப் பார்த்தது அவன் மனைவிதான், மேசைமேல் கிடந்த அறிக்கையை.

*

கணவர் மூச்சு வாங்காமல் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார். கையில் அந்தப் பழைய இரும்பு நாற்காலி, புதிதாகப் பச்சைச் சாயம் அடித்து.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அழுதானா?"

"உள்ளுக்குள்ள."

"அது போதும். சத்தம் வந்தா எனக்குத் தலை வலிக்கும்."

நாற்காலியோடு அவர் பின்னால் வர, அவள் கீழே போய் ஏழாம் அச்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடு, ஆனால் தாங்கக்கூடிய சூடு. ஒருவன் உயிரோடு இருப்பவர்களைத் தாளில் கொன்றால், அவர்களே எழுந்து வந்து அவனை வெளியே அனுப்புவார்கள். நாளை காலையில் முதல் வேலை என்ன என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். பாட்டில் கம்பெனிக்குப் பாதி விலை மூடி நிறுத்தம். மூடி இல்லாத பாட்டிலை யார் வாங்குவார்கள்? ஒரு மாதம். அதிகம் போனால் இரண்டு. அந்தக் கம்பெனியின் கேட்டுக்கு வெளியேயும் ஒரு நாற்காலி நிற்க வேண்டும். மழை பெய்தால் இன்னும் நல்லது.

"மேஸ்திரி, நாளையிலேர்ந்து பாட்டில் கம்பெனிக்கு ஒரு மூடிகூடப் போகக் கூடாது."

சொல்லிவிட்டுத் திரும்பினால், படிக்கடியில் ஆடிட்டர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். பையில் மிட்டாய் தேடினார், தீர்ந்துபோயிருந்தது.

"அப்படியா முடிவு பண்ணியிருக்கீங்க?"

"ஏன், உங்களுக்கு வருத்தமா?"

"பின்னாடி இருக்கிற குறிப்புகளைப் படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். பன்னிரண்டாவது குறிப்பு."

பெரியவளின் கை அச்சிலிருந்து விலகியது. பையிலிருந்த அறிக்கைக் கட்டை எடுத்துப் பிரித்தாள். எறும்பு ஊரும் எழுத்து. வெளிச்சத்துக்குப் போய், இரண்டு தடவை படித்தாள். பாட்டில் கம்பெனி வங்கியில் வாங்கிய கடனுக்கு இந்தப் பட்டறை ஜாமீன்.

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. நிர்வாகம் முழுக்க அவர் கையில்னு நீங்கதானே அன்னிக்கு எழுதிக் கொடுத்தீங்க."

"கடன் பக்கத்துல ஒரு எண்ணும் இல்லையே!"

"இது இன்னும் உங்க கடன் ஆகலையேம்மா. அவர் கட்டுற வரைக்கும் இது எழுத்து. கட்டலேன்னா எண்ணாயிடும்."

"எவ்வளவு பெரிய எண்ணு?"

"இந்தப் பட்டறையோட உங்க வீட்டையும் சேர்த்து வித்தாலும் பத்தாது."

"இதை மேல வச்சுச் சொல்றதுக்கு என்ன?"

"எழுத வேண்டியதை எழுதிட்டேன்," என்றார் ஆடிட்டர். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் உறைத்தது. "படிக்கிறது உங்க வேலை."

அவர் போன பிறகும் அவள் அந்தப் பக்கத்தை மடிக்கவில்லை. முன்பு எண்ணைப் படிக்கத் தெரியாமல் தோற்றாள். இப்போது எழுத்தைப் படிக்க மறுத்து மாட்டிக்கொண்டாள். கைபேசி அடித்தது. எடுத்தவுடனே தம்பியின் குரல் வந்தது. பழையபடி எண்ணெய் பூசியது போல் வழுக்கும் குரல். வண்டியில் போகும்போதே அவனுக்கும் அந்த ஜாமீன் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அக்கா, நாளைக்கு எங்களுக்கு மூடி வரும்ல? வழக்கமான விலைக்கு?"

அவள் கைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள்.

"வரலேன்னா என் கம்பெனி படுத்துரும். அது படுத்துச்சுன்னா பேங்க்காரன் முதல்ல யார் கதவைத் தட்டுவான்னு உன் ஆடிட்டரைக் கேட்டுக்கோ." சிரித்தான். அதே சிரிப்பு. "அப்பவே சொன்னேன்ல. உனக்கு மூடி தெரியும். உள்ள என்ன..."

அவள் வைத்துவிட்டாள்.

கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பச்சை நாற்காலியை அவளுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டார். "உட்காரு முதல்ல. நடுவுல நின்ன லிஃப்டுல குதிக்கக் கூடாது. கதவையும் உடைக்கக் கூடாது. கயிறு எங்க இருக்குன்னு பாக்கணும்."

உட்கார்ந்தாள். மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு எதிரில் வந்து நின்றார். "அடுத்து எந்த அச்சு மாட்டட்டும்மா? பாட்டில் கம்பெனி அச்சை இறக்கிடட்டா?"

எரிச்சல் மெல்ல மெல்லக் கணக்காக உருமாறியது. அவன் விழுந்தால் இவள்மேல்தான் விழுவான். சரி. அப்படியானால் விழாமல் நிற்க வைக்க வேண்டும். எப்படி நிற்க வைப்பது என்பது இவள் இஷ்டம். மூடி இல்லாமல் அவனாலும் ஒரு நாள் ஓட்ட முடியாது என்பதை அவன் அந்தச் சிரிப்பில் மறந்துவிட்டான்.

"இறக்க வேண்டாம். ஓடட்டும். பழைய விலைக்கு இல்ல. இனிமே விலையை நான் சொல்வேன். வாங்குறதா வேண்டாமான்னு அவன் சொல்லட்டும்."

"ரொம்ப ஏத்தினா அவன் செத்துருவானே," என்றார் கணவர். "கூடவே நாமளும்."

"சாகக் கூடாது. நிம்மதியாத் தூங்கவும் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு விலை இருக்கும்."

"அதை எப்படிக் கண்டுபிடிப்ப? அவன் கம்பெனிக் கணக்கைப் பார்த்தாத்தானே தெரியும்? கேட்டா கொடுப்பானா?"

இன்னும் மடிக்காத அந்தப் பக்கத்தை அவள் மறுபடி பார்த்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் கேட்டில் யாரோ நின்றார்கள். ஆட்டோவை அனுப்பிவிட்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்று தயங்கும் நிழல். சின்னவன் மனைவி. தனியாக வந்திருந்தாள். அழுதிருந்தாள் என்று சொல்ல முடியாது. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் போல இருந்தாள். ஒரு கையில் தடித்த கோப்பு ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். அதன் முதுகில் பாட்டில் கம்பெனியின் முத்திரை.

"அண்ணி," என்றாள். "ஆலோசனைக் கட்டணம்னு படிச்சீங்களே, என் பேர்ல. எத்தனை வருஷமா?"

"நீ வாங்கவே இல்லையா?"

"என் நகையைக்கூட அடகு வச்சுட்டுத்தான் அவர் கம்பெனி ஆரம்பிச்சார். இன்னும் மீட்டுத் தரலை. கேட்டா, கணக்கெல்லாம் உனக்குப் புரியாதுன்னு சொல்வார்." கோப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இதுல எல்லாம் இருக்குன்னு தெரியும். எந்தப் பக்கம்னு தெரியலை. அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கிறதெல்லாம் என்ன அண்ணி?"

பெரியவள் பச்சை நாற்காலியிலிருந்து எழுந்தாள். அதைத் துடைத்து, அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"மேல போய் அந்தச் சுழல் நாற்காலியைக் கொண்டுவாங்க. ரெண்டு பேர் உட்காரணும்." கோப்புக்காகக் கையை நீட்டினாள். "இந்தத் தடவை கடைசிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்போம்."

சின்னவன் மனைவி கோப்பைக் கொடுக்கவில்லை.

"கொடுக்கிறேன்," என்றாள். "ஆனா எனக்கு ஒரு விலை இருக்கு, அண்ணி."